நீங்கள் விளக்கு வைக்கும் நேரம், மகளுக்கு விடியும் நேரம்

கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். நீண்ட கடிதம், சுருக்கித் தருகிறேன்.

"எனக்கு 63 வயது. கணவர் காலமாகி ஐந்து வருடம். ஒரே மகள், 34 வயது, கல்யாணம் முடித்து டொரொன்டோவில் ஸ்காபரோப் பக்கம் ஒரு வீட்டின் பேஸ்மென்டில் இருக்கிறாள். சொந்த வீடு வாங்கக் காசு சேர்க்கிறார்கள். அவளுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை, மருமகனுக்கு இரவு வேலை. நவம்பர் பிறந்தால் என் பிள்ளை வேறு ஆளாகிவிடுகிறாள். இது மூன்றாவது குளிர்காலம். பத்து மணித்தியாலம் நித்திரை கொள்கிறாள், எழும்பினாலும் அலுப்பு. பாணும் பிஸ்கட்டும்தான் சாப்பாடு, உடம்பும் போட்டுவிட்டது. கோல் எடுத்தால் எடுக்கமாட்டாள், எடுத்தாலும் 'ஒன்றுமில்லை அம்மா, குளிர்தான்' என்று முடித்துவிடுவாள். சித்திரை வந்தால் பழையபடி சிரிக்கிறாள். போன தை மாதம் ஒருநாள் பொறுக்க முடியாமல், '95 யுத்தத்துக்குள் உன்னைப் பங்கருக்குள் வைத்து வளர்த்தோம், ஹீட்டரும் சாப்பாடும் இருக்க உனக்கென்ன கவலை' என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு மனம்விட்டுக் கதைப்பதில்லை. என் தங்கச்சி இது கண்ணூறு என்கிறாள். இது வருத்தமா, சோம்பலா? இங்கே கூப்பிடட்டுமா? நான் இரவில் மூன்று மணிக்கு எழும்பி அவள் வட்ஸ்அப்பில் நிற்கிறாளா என்று பார்க்கிறேன். மார்கழியில் இந்த ஃபிளாட்டுக்குள் தனியே இருக்க எனக்கும் ஏலாமல் இருக்கிறது."

அன்புள்ள ரீச்சர்,

சோம்பல் என்றால் அதற்கு நவம்பரும் ஜூனும் ஒன்றுதான். உங்கள் மகளுக்கு அப்படி இல்லையே. கார்த்திகையோடு தொடங்குகிறது, சித்திரையில் விட்டுப்போகிறது, மூன்று வருடமாக அதே கணக்கு. கூடுதல் நித்திரை, மாச்சாப்பாட்டில் ஆசை, உடம்பு போடுவது, ஆட்களை விட்டு ஒதுங்குவது என்று நீங்கள் எழுதிய அத்தனையும் பருவகால மனச்சோர்வு என்ற வருத்தத்தின் வழக்கமான அடையாளங்கள். மற்ற மனச்சோர்வுகளில் பெரும்பாலும் நித்திரையும் பசியும் குறையும். குளிர்காலத்தில் வருகிற இதில் இரண்டும் கூடும். அதனால்தான் வீட்டாருக்கு இது வருத்தமாகத் தெரிவதில்லை. நன்றாகச் சாப்பிட்டு நன்றாக நித்திரை கொள்கிற ஆளை யார் சுகமில்லாத ஆள் என்று நினைப்பார்கள்?

நான் உளவளத்துணையாளர், வைத்தியர் இல்லை. கடிதத்தை வைத்து இதுதான் என்று முடிவு சொல்லவும் மாட்டேன். ஆனால் உங்கள் மகள் அங்கே ஒரு வைத்தியரிடம் போகவேண்டும் என்பதற்கு இந்த மூன்று வருடக் கணக்கே போதும்.

இந்த வருத்தத்துக்கு 1984இல் பெயர் வைத்து எழுதிய குழுவில் முதன்மையானவர் நோர்மன் ரோசன்தால் என்ற மனநல வைத்தியர். அவர் தென்னாபிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 1976இல் நியூயோர்க்குக்குப் படிக்கப் போனவர். வெயில் ஊரில் வளர்ந்த அந்த மனிதருக்குக் குளிர்காலம் வந்ததும் உடம்பும் மனமும் தளர்ந்தன, வசந்தத்தில் தானாகவே நிமிர்ந்தன. தன்னில் கண்டதைத்தான் பிறகு மற்றவர்களிடம் தேடிப் பார்த்தார். இதை மகளுக்கும் சொல்லுங்கள். வெயில் நாட்டிலிருந்து போன படித்த வைத்தியருக்கே வந்தது என்று தெரிந்தால் அவளுடைய வெட்கம் கொஞ்சம் குறையும்.

கொழும்பில் இருக்கிற எங்களுக்கு இது விளங்குவது கஷ்டம். எங்களுடைய மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணித்தியாலம்கூட வித்தியாசம் வராது. டொரொன்டோவில் ஜூன் மாதத்துப் பகல் பதினைந்து மணித்தியாலத்துக்கு மேல். டிசம்பர் கடைசியில் அது ஒன்பதுக்கும் சற்றுக் குறைவு. காலை எட்டு மணி ஆகப்போகும்போதுதான் சூரியன் எழும்பும், பின்னேரம் நாலே முக்கால் போலப் போய்விடும். எங்கள் மூளைக்குள் ஒரு மணிக்கூடு இருக்கிறது. காலை வெளிச்சம் கண்ணில் படும்போதுதான் அது ஒவ்வொரு நாளும் தன்னைச் சரிபார்த்துக்கொள்ளும். வெளிச்சம் பிந்தினால் மணிக்கூடும் பிந்தும். ஆள் எழும்பி நிற்பார், உடம்பு இன்னும் இரவென்றே நினைத்துக்கொண்டிருக்கும்.

இதோடு பேஸ்மென்டையும் சேர்த்துப் பாருங்கள். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய சொல் அதுதான். அநேகமான பேஸ்மென்ட்களில் யன்னல் ஒரு முழ உயரத்தில், கூரையை ஒட்டி இருக்கும். நிலமட்டத்தில் இருப்பதால் ஸ்நோ குவிந்தால் அதிலும் பாதி மூடிவிடும். மகள் அந்த அறையில் எழும்பி, அதே அறையில் வேலைசெய்து, அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே படுக்கிறாள். வேலைக்காக வெளியே போகிற ஆள் பஸ்சுக்குக் காத்து நிற்கும் பத்து நிமிடத்திலாவது வானத்தைப் பார்ப்பார். மப்பு மூடிய குளிர்கால வானம்கூட வீட்டு மின்குமிழைவிடப் பலமடங்கு வெளிச்சம். உங்கள் மகளுக்கு அந்தப் பத்து நிமிடமும் இல்லை. புருசன் இரவு வேலை முடித்து வந்து படுத்திருப்பார், அவரை எழுப்பாமல் இருக்க அவள் லைட்டைக்கூடப் போடாமல் இருக்கலாம். இதைக் கேட்டுப் பாருங்கள்.

சரி, வைத்தியரிடம் என்ன சொல்ல வேண்டும்? "மூன்று குளிர்காலமாக இப்படி, வசந்தத்தில் விட்டுப்போகிறது" என்று மாதக் கணக்கோடு சொல்லச் சொல்லுங்கள். தைரொய்ட் குறைந்தாலும் இரும்புச்சத்து குறைந்தாலும் இதே அலுப்பு வரும், ஆகையால் இரத்தப் பரிசோதனை ஒன்று அவசியம். விற்றமின் D-யையும் பார்க்கச் சொல்லலாம், எங்கள் நிறத்துத் தோலுக்கு அந்த ஊர்க் குளிர்கால வெயில் போதாது. அப்புறம் வெளிச்சப்பெட்டி பற்றிக் கேட்கட்டும். இது 10,000 லக்ஸ் வெளிச்சம் தருகிற, புற ஊதாக் கதிரை வடிகட்டிய ஒரு விளக்கு. காலையில் எழும்பிய கையோடு அரை மணித்தியாலம் அதன் முன்னால் இருக்கவேண்டும். விளக்கையே உற்றுப் பார்க்கத் தேவையில்லை, தேத்தண்ணி குடிக்கலாம், வாசிக்கலாம். பலருக்கு ஒன்றிரண்டு கிழமைக்குள் வித்தியாசம் தெரியும். தெரிந்தவுடன் நிறுத்தாமல் வசந்தம் வரைக்கும் தொடர வேண்டும். இரவில் போட்டால் நித்திரை குழம்பும். கண்ணில் விழித்திரை நோய் உள்ளவர்களும், மனம் அளவுக்கு மீறி உற்சாகத்தில் ஏறி இறங்கும் வருத்தம் முன்பு இருந்தவர்களும், வெளிச்சத்துக்குக் கூச்சம் தரும் மருந்து எடுப்பவர்களும் வைத்தியரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது. தேவைப்பட்டால் மாத்திரையும் இருக்கிறது, சிந்தனையையும் அன்றாடப் பழக்கத்தையும் மாற்றுகிற உளச்சிகிச்சையும் இருக்கிறது. டொரொன்டோவில் அதைத் தமிழிலேயே செய்யக்கூடியவர்கள் இருக்கிறார்கள்.

இனி உங்களைப் பற்றி.

பங்கர் கதையைச் சொன்னதை நினைத்து நீங்கள் அழுதிருப்பீர்கள் என்று உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. உங்களைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. எங்கள் தலைமுறை துன்பத்தை அளக்க வேறு தராசு வைத்திருக்கவில்லை. ஷெல் விழாத நாள் நல்ல நாள், அவ்வளவுதான். இந்தக் கொழும்பில் என் முன்னால் வந்து இருக்கிற எத்தனையோ பிள்ளைகள் இதே வசனத்தைத் தங்கள் தாயிடமோ தகப்பனிடமோ கேட்டவர்கள். கேட்டபிறகு அவர்கள் வாதாடுவதில்லை. "அம்மா சொல்வது சரிதானே, எனக்கு ஒரு குறையும் இல்லையே, அப்ப என்னில்தான் ஏதோ பிழை" என்று உள்ளே போய்விடுகிறார்கள். ஏற்கெனவே இருந்த சோர்வோடு குற்ற உணர்வும் சேர்ந்துகொள்கிறது.

ஒன்றை மட்டும் யோசியுங்கள், ரீச்சர். 95இல் உங்கள் மகளுக்கு நாலு வயது. அந்தப் பங்கருக்குள் நீங்கள் மட்டும் இருக்கவில்லை, அவளும் உங்கள் மடியில் இருந்தவள். மண்ணுக்குக் கீழே, மேலே ஒரு கீற்று வெளிச்சத்தை மட்டும் பார்த்துக்கொண்டு இருப்பது என்னவென்று அவளுடைய உடம்புக்கும் தெரியும். இப்போதைய வருத்தத்துக்கு அதுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. அவள் அந்தத் துன்பத்தை அறியாத ஆள் இல்லை என்றுதான் சொல்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் ஒரே குழிக்குள் இருந்து வெளியே வந்தவர்கள்.

அதனால் முதலில் மன்னிப்பு. நீளமாக வேண்டாம், அழுகையும் வேண்டாம், பதிலும் எதிர்பார்க்க வேண்டாம். கோல் எடுத்தால் அவள் பதில் சொல்லவேண்டி வரும், ஆகவே ஒரு வொய்ஸ் மெசேஜ் போடுங்கள். "பிள்ளை, போன தை மாதம் நான் பங்கரைப் பற்றிச் சொன்னது பிழை. நீயும் அதுக்குள்ள இருந்தனி. இப்ப உனக்கு வந்திருக்கிறது வருத்தம் என்று எனக்கு இப்பதான் விளங்குது." இவ்வளவு போதும். இதற்குள் "ஆனால்" என்று ஒரு சொல் வந்தால் அழித்துவிட்டுத் திரும்பப் பேசுங்கள்.

அடுத்தது நேரம். நீங்கள் கணக்கு ரீச்சர், இது உங்களுக்குப் பிடிக்கும். குளிர்காலத்தில் கொழும்புக்கும் டொரொன்டோவுக்கும் பத்தரை மணித்தியாலம் வித்தியாசம். அவள் ஐந்து மணிக்கு வேலை முடித்து உங்களோடு கதைப்பாள் என்று நீங்கள் பார்த்திருப்பது உங்கள் விடியப்புறம் மூன்றரை. அந்த நேரத்தில்தான் அவள் இந்த வருத்தத்தில் மிகவும் களைத்திருப்பாள், இருட்டியும் இருக்கும். நீங்களும் நித்திரை கெட்டு, அவளும் பேச்சில்லாமல், இரண்டு பக்கமும் நட்டம். ஆனால் நீங்கள் பின்னேரம் ஆறு மணிக்குச் சாமிக்கு விளக்கு வைக்கும்போது அங்கே காலை ஏழரை. அவள் வெளிச்சப்பெட்டிக்கு முன்னால் இருக்கவேண்டிய நேரம் சரியாக அதுதான்.

ஒவ்வொரு நாளும் ஆறு மணிக்கு நீங்கள் விளக்கைக் கொளுத்துங்கள், அவள் தன் விளக்கைப் போடட்டும். வீடியோ கோலைத் திறந்து வைத்துவிட்டு உங்கள் பாட்டில் தேவாரம் பாடுங்கள், கீரை ஆயுங்கள், பேப்பர் பாருங்கள். அவள் பேசாமல் தேத்தண்ணி குடிக்கட்டும். சுகமா, சாப்பிட்டியா, ஏன் முகம் வாடியிருக்கு, மருமகன் எங்கே என்று ஒன்றும் கேட்க வேண்டாம். இது உங்களுக்குச் சரியான கஷ்டமாக இருக்கும், எனக்குத் தெரியும். கேள்வி கேட்பதுதான் எங்கள் அம்மாக்களின் பாசம். இந்த வருத்தத்தில் உள்ளவருக்கு ஒவ்வொரு கேள்வியும் பதில் எழுதவேண்டிய ஒரு பரீட்சைத்தாள். அரை மணித்தியாலம் முடிந்ததும் "சரி பிள்ளை, நாளைக்குப் பார்ப்பம்" என்று வைத்துவிடுங்கள். ஒருநாள் அவள் எடுக்காவிட்டாலும் விளக்கைக் கொளுத்திவிட்டு "விளக்கு வைச்சிட்டன்" என்று ஒரு வரி அனுப்புங்கள், வேறொன்றும் வேண்டாம்.

இது புதிதாக நான் கண்டுபிடித்ததும் இல்லை. சின்ன வயதில் எங்கள் ஊரில் திருவெம்பாவைக் காலத்தில் விடிய முன்னம் சங்குச் சத்தம் கேட்கும். இருட்டுக்குள் சேமக்கலத்தை அடித்துக்கொண்டு பாடிக்கொண்டு வருவார்கள். குளிருக்குள் தானாக எழும்ப மனம் வராத மாதம் அது. அதனால் ஊரே சேர்ந்து ஒருவரை ஒருவர் எழுப்பியது. உங்கள் மகளுக்கு ஸ்காபரோவில் சங்கு ஊத ஆள் இல்லை.

இன்னுமொன்று, உதவி செய்வதைவிட உதவி கேளுங்கள். நான் படிப்புக்காக லண்டனில் ஒரு குளிர்காலம் இருந்தேன். நாலு மணிக்கு முன்னமே இருட்டிவிடும். ஜனவரியில் வகுப்புக்கும் போகாமல் திரைச்சீலையை மூடிக்கொண்டு கிடக்கத் தொடங்கினேன். அதே வீட்டில் மட்டக்களப்பைச் சேர்ந்த ஒரு அக்கா இருந்தார். அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஒரு காலை கதவைத் தட்டி, "தங்கச்சி, வழி சறுக்குது, எனக்குத் தனியப் போகப் பயமாக் கிடக்கு, பஸ் ஸ்டொப் வரைக்கும் வாறியா" என்றார். பாவமே என்று பைஜாமாவுக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். அடுத்த நாளும் தட்டினார். போக ஏழு நிமிடம், திரும்பி வர ஏழு நிமிடம். பங்குனி வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். ஐந்து வருடமாக அதே வழியால் வேலைக்குப் போய் வந்த மனுசி அவர் என்று பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் அவருக்குத் தேவைப்படுகிறேன் என்ற எண்ணம்தான் என்னைக் கட்டிலில் இருந்து இறக்கியது. சோர்ந்திருப்பவருக்குத் தான் எல்லாருக்கும் பாரம் என்ற நினைப்பு எப்போதும் இருக்கும். அந்த நினைப்புக்கு அறிவுரை மருந்தாகாது.

நீங்களும் அப்படி ஒன்றைக் கேளுங்கள். "பிள்ளை, உங்கட வீட்டுக்கு முன்னால நிற்கிற மரத்தை எனக்கு ஒவ்வொரு நாளும் படம் எடுத்து அனுப்புவியா? ஸ்நோ விழ அது எப்பிடி மாறுது என்று பார்க்க ஆசையாக் கிடக்கு." மரத்தைப் படம் எடுக்க அவள் அந்தப் படிக்கட்டால் ஏறி, கதவைத் திறந்து, வெளியே நிற்கவேண்டும். வெளிச்சப்பெட்டி முடிகிற எட்டு மணிக்கு அங்கே சூரியன் அப்போதுதான் எழும்பியிருக்கும். ஐந்து நிமிடம் நின்றால் போதும், நாளடைவில் அவளே ஒரு சுற்று நடப்பாள். படம் வந்தால் மரத்தைப் பற்றி மட்டும் பதில் எழுதுங்கள்.

இப்போது உங்கள் நித்திரை. இரவு ஒன்பது மணிக்குப் பிறகு போனை ஹோலில் வைத்துவிட்டுப் படுங்கள். அவசரமென்றால் வட்ஸ்அப்பில் அடிக்காமல் வீட்டு நம்பருக்கு அடிக்கும்படி மருமகனிடம் சொல்லிவையுங்கள். அவள் ஒன்லைனில் நின்றால் ஏன் இன்னும் படுக்கவில்லை என்று கவலை, நிற்காவிட்டால் என்ன ஆனதோ என்று கவலை. அந்த 'ஒன்லைன்' என்ற சொல் உங்களுக்கு ஒருநாளும் ஆறுதல் தரப்போவதில்லை.

விடிய ஆறரைக்கு மரைன் டிரைவுக்கு இறங்குங்கள். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் கடல், இந்தப் பக்கம் உங்களைப்போல நடக்க வந்தவர்கள். பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு ஃபிளாட்டில் தனியே இருக்கிற அம்மாக்களை வெள்ளவத்தையில் ஒழுங்கைக்கு ஒழுங்கை காணலாம். மூன்று நாள் ஒரே முகத்தைக் கண்டால் நாலாம் நாள் நீங்கள் முதலில் கதையுங்கள், அவரும் யாராவது கேட்கமாட்டார்களா என்றுதான் இருப்பார். 57ஆம் ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் இருக்கிறது. 1942இல் தொடங்கிய சங்கம், உங்களுக்கு நடக்கிற தூரம்தான். திருவெம்பாவைக்கு ஏதாவது ஒரு கோயிலுக்கு விடியப் போங்கள், பாடாவிட்டாலும் பாடுகிறவர்களோடு நில்லுங்கள். முப்பது வருடம் கணக்குப் படிப்பித்த ஆள் நீங்கள். உங்கள் மாடியில் ஓ லெவல் பிள்ளை ஒன்று கட்டாயம் இருக்கும். கிழமையில் ஒரு பின்னேரம் அந்தப் பிள்ளை உங்கள் மேசையில் வந்து இருந்தால், மகளோடு கதைக்க உங்களுக்கும் ஒரு கதை இருக்கும்.

இங்கே கூப்பிடுவதைப் பற்றிக் கேட்டீர்கள். கூப்பிடுங்கள், ஆனால் நத்தாருக்கு வேண்டாம். டிக்கெட் விலை உச்சத்தில் நிற்கும், வீடு வீடாக விருந்துக்குப் போகிற கரைச்சலும் சேரும். பொங்கல் முடிந்து தை கடைசியிலோ மாசியிலோ வரட்டும். டிக்கெட் இறங்கும், கொழும்பில் மழை குறைந்து நல்ல வெயில் எறிக்கிற காலம், அங்கே குளிர்காலம் நடுவால் முறியும். வந்த சில நாளில் அவள் முகம் தெளிவதை நீங்களே காண்பீர்கள். அதைக் கண்டு சுகம் வந்துவிட்டது என்று வெளிச்சப்பெட்டியை நிறுத்த விடாதீர்கள். திரும்பிப் போனால் அங்கே இருட்டு அப்படியே இருக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் தாமதம் கூடாது. "நான் இருந்து என்ன", "நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி" என்ற மாதிரி ஒரு பேச்சு வந்தால், கேள்வி கேட்க வேண்டாம் என்று மேலே சொன்னதை மறந்துவிடுங்கள். "சாகவேணும் போல இருக்கா பிள்ளை?" என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் எண்ணம் வரும் என்பது பிழையான பயம். உடனே மருமகனை எழுப்புங்கள். கனடாவில் 988 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். உங்களுக்கே தாங்க முடியாத இரவென்றால் இங்கே 1926, தேசிய மனநல நிறுவனத்தின் எண், 24 மணித்தியாலமும் ஆள் எடுப்பார்கள்.

தங்கச்சியோடு வாதாட வேண்டாம். கண்ணூறு கழிக்க ஆசையென்றால் கழிக்கட்டும், வைத்தியரிடம் போவதை அது தடுக்காமல் இருந்தால் சரி.

மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிறு அங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளுவார்கள். அன்றிலிருந்து உங்கள் ஆறு மணி அவளுக்கு எட்டரை. நீங்கள் விளக்கு வைக்கும்போது அங்கே சூரியன் வந்து ஒரு மணித்தியாலம் ஆகப்போகும். அந்தக் கிழமை எடுத்த மரத்தின் படம் ஒன்றை, மகள் சம்மதித்தால், எனக்கும் அனுப்புங்கள்.